கால்வாய்க் கரையில் ரெண்டும் ஒண்ணும்

பழவேற்காட்டில் ஒரு தறிகூட இல்லை என்று தெரிந்துகொண்டபோது எனக்கு நாற்பத்தொரு வயது. அதுவரை பதினெட்டு வருஷமாக ஈரோட்டில் ஒரு லுங்கி குடோனில் மடிப்பு வேலை பார்த்துக்கொண்டு, மடித்த ஒவ்வொரு லுங்கியின் மேலும் ‘அசல் பாளையக்காட்’ என்று சீட்டு ஒட்டியிருக்கிறேன். பாளையக்காட் என்றால் பழவேற்காடுதான் என்று எனக்குச் சொன்னவன் ஏழுமலை. என்கூட மடிப்பு வேலை செய்கிறவன். சொந்த ஊர் பழவேற்காடு ஏரியின் எதிர்க்கரையில், லைட்ஹவுஸ் குப்பம். டச்சுக்காரன் காலத்தில் அங்கேயிருந்துதான் கட்டம் போட்ட துணி கப்பலேறியது, ஊர்ப் பெயரே துணிக்குப் பெயராகிவிட்டது என்பான். ஆறாவதோடு நின்றுவிட்டவன் நான். யார் எதைச் சொன்னாலும் நம்பிவிட்டு, அப்புறம் ராத்திரியெல்லாம் யோசிப்பேன்.

அந்த வருஷம் பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஏழுமலைக்கு அம்மை போட்டுவிட்டது. அக்கா கன்னியம்மாவுக்கு வாங்கி வைத்திருந்த புடவையையும், மாமாவுக்கு இரண்டு லுங்கியையும் யாராவது கொண்டுபோய்க் கொடுத்தால் தேவலை என்றான். பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிக்கக் குடோன் நான்கு நாள் மூடல். நான் போகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

நான் பஸ்ஸில் ஏறுவதில்லை. சின்ன வயதில் பெருந்துறை ரோட்டில் ஒரு பஸ் பாலத்துக்குக் கீழே கிடந்ததைப் பார்த்த நாளிலிருந்து அப்படி. ரயில் என்றால் தண்டவாளத்தை விட்டு இறங்காது என்று ஒரு தைரியம். அதனால் எங்கே போவதாக இருந்தாலும் ரயில் நிற்கிற இடத்தில் இறங்கி நடப்பேன், நடந்து இன்னொரு ரயில் நிற்கிற இடத்தில் ஏறுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சாவடிப்பாளையம் ஸ்டேஷனில் இறங்கி, காலிங்கராயன் வாய்க்கால் கரையோடு பாசூர் ஸ்டேஷன் வரை போவது என் வழக்கம். இரண்டு பக்கமும் மஞ்சள் வயல், வழியில் டீக்கடை. தன் ஊரிலும் கால்வாய் இருக்கிறது, அத்திப்பட்டு ஸ்டேஷனில் இறங்கிக் கரையோடு போனால் குப்பம் வந்துவிடும் என்று ஏழுமலை படம் போட்டுக் கொடுத்தான். வாய்க்கால் என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்துவிட்டேன்.

பையில் மெழுகுவத்தி, தீப்பெட்டி, கயிறு, காய்ச்சல் மாத்திரை, அடுக்கு டிபன் பாக்ஸ். சட்டைப் பையில், நான் எங்காவது விழுந்து கிடந்தால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதிய சீட்டு. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு இன்னொரு சட்டையிலும் ஒரு சீட்டு வைத்தாள்.

அத்திப்பட்டு ஸ்டேஷனில் இறங்கியபோது விடிந்துகொண்டிருந்தது. உப்பளங்களுக்கு நடுவே போய்க் கால்வாய்க் கரையைப் பிடித்தேன். வலது பக்கம் சவுக்குத் தோப்பு. அதற்கு அப்பால் கடல், சத்தம் மட்டும் கேட்டது. இடது பக்கம் கால்வாய். எங்கள் வாய்க்கால் பேசிக்கொண்டே போகும். இது வாயே திறக்கவில்லை. ஒரு சவுக்கு இலையைக் கிள்ளிப் போட்டேன், வடக்கே மெதுவாகப் போயிற்று. மத்தியானம் இன்னொன்று போட்டேன், அது தெற்கே வந்தது. மூன்றாவது போடவில்லை.

மூன்று மணிவாக்கில் கரை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று நேரே குப்பத்துக்கு. இன்னொன்று ஒடுங்கி, ஏரிக்குள் நாக்கு நீட்டினமாதிரி போயிற்று. அதன் நுனியில் இரண்டு பழைய கல்சுவர்கள் எதிரெதிரே நின்றன. பிரியும் இடத்தில் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் வீச்சுவலை போட்டுக்கொண்டிருந்தார். அது என்னங்க என்று கேட்டேன். ‘லாக்கு’ என்றார். படகுகளை ஏற்றி இறக்கத் தண்ணீரை அடைத்துவைத்த இடமாம். கதவு உளுத்துப்போய்விட்டது, இரும்பு மட்டும் தண்ணீருக்கடியில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது, ஒரு படகும் கிட்டே போகாது என்றார். யார் கட்டியது என்றதற்கு, டச்சுக்காரன் என்றார். கால்வாய் டச்சுக்காரன் போனபிறகு வெட்டியது என்று ஏழுமலை சொல்லியிருந்தான். ஆனால் அந்தப் பக்கத்தில் பழசாக எது நின்றாலும் டச்சுக்காரன் தலையில்தான் கட்டுவார்கள்.

“லாக்காண்ட இன்னா வேலை உனக்கு? நேரா போ,” என்றார், நான் கேட்காமலே.

நேரே போனேன்.

கன்னியம்மா வாசலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும், ஏழுமலையின் அதே மூக்கு. நான் யாரென்று சொன்னதும், வலது கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். “இன்னாண்ணா, அத்திப்பட்டுலேந்து நடந்தா வந்தே? பஸ்ஸு வுட்டுட்டாங்கோ தெரியுமா?” என்றாள். பக்கத்து வீட்டுப் பெண்களிடமும் அதைச் சொன்னாள். அன்று இரவுக்குள் குப்பம் முழுக்க எனக்கு நடராஜா சர்வீஸ் என்று பெயர் விழுந்துவிட்டது.

அவள் புருஷன் தேசப்பன் அதிகம் பேசாத ஆள். லுங்கியைப் பிரித்துப் பார்த்தார், முகர்ந்தார், மடித்து வைத்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“நீச்சல் தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“அப்ப படகுல குந்தினா எழுந்திரிக்காத.”

சாப்பாட்டுக்கு மடவை மீன் குழம்பு. ருசி சொல்லி முடியாது. ஆனால் முள்ளுக்குப் பயந்து ஒவ்வொரு வாயையும் நான் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்ததில், கன்னியம்மா சிரித்துச் சிரித்து எழுந்து வெளியே போய்விட்டாள்.

மறுநாள் தேசப்பன் படகில் எதிர்க்கரைக்குப் போனோம். கூட வேலு என்று அவருடைய சித்தப்பா மகன். ஏரி நடுவில் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. இறங்கித் தள்ளு என்றார்கள். அவ்வளவு பெரிய தண்ணீர் என் முழங்காலுக்குத்தான் வந்தது. ஆனால் கீழே தரை என்று ஒன்று இல்லை. காலை வைத்தால் யாரோ மெதுவாகப் பிடித்து வாங்கிக்கொள்வதுபோல இறங்கியது. ஒரு செருப்பு போயிற்று. குனிந்து கைவிட்டுத் தேடப் போனேன். வேலு என் தோளைப் பிடித்து நிமிர்த்தி, “வுடு. அது வாங்கினா வாங்கினதுதான்,” என்றான். எது என்று நான் கேட்கவில்லை.

பழவேற்காட்டில் டச்சுக் கல்லறையைப் பார்த்தேன். வாசலுக்கு இரண்டு பக்கமும் கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறார்கள். நம் ஊர் கோவிலில் துவாரபாலகர் நிற்கிற இடத்தில் எலும்புக்கூடு நிற்கிறது. உள்ளே ஆள் உயரத்துக்குப் பெரிய பெரிய கல்பலகைகள். எழுத்து ஒன்றும் புரியவில்லை. ஆனால் நேற்றுக் கொத்தியதுபோல விளிம்பு கூர்மையாக இருந்தது. விரலை வைத்துத் தடவிப் பார்த்து உடனே எடுத்துவிட்டேன். உச்சி வெயில், பக்கத்தில் ரோடு, சைக்கிள் மணி கேட்கிறது. இருந்தும் அந்தச் சுவருக்குள் என் மூச்சுச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. கூட வந்த வேலு உள்ளே வரவில்லை. வாசலில் எலும்புக்கூட்டின் மேல் சாய்ந்துகொண்டு பீடி பிடித்தான்.

கடைத்தெருவில் ஒரு துணிக்கடைக்காரரிடம் அசல் பாளையக்காட் லுங்கி இருக்கிறதா என்று கேட்டேன். தொப்பி போட்ட பெரியவர். இருக்கிறது தம்பி என்று எடுத்துப் போட்டார். சீட்டு கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்து ஒட்டியிருந்தது. நான் ஒட்டுவது அப்படித்தான் சாயும், மேஸ்திரி பதினெட்டு வருஷமாகத் திட்டுகிறார். இங்கே யார் நெய்கிறார்கள் என்றேன். “இங்கே யாரும் நெய்றதில்லே. இது ஈரோட்டு மால்,” என்றார். இவ்வளவு தூரம் வந்து என் கைவேலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் எனக்கு ஏனோ யாரோ எனக்கு முன்னால் வந்து காத்திருந்தமாதிரி இருந்தது.

சாயங்காலம் குப்பத்துக்குத் திரும்பியதும் கன்னியம்மா, “நாளைக்கி விடியல்ல எங்க வூட்டுக்காருக்குப் பாடு,” என்றாள்.

நான் பதறிப்போய், “ஏனுங்க அம்மிணி, ஒடம்புக்கு ஏதாச்சுங்களா?” என்று கேட்டேன்.

அவள் அதற்கும் சிரித்தாள். ஏரியில் வலை கட்டுகிற இடங்களுக்குச் சீட்டுப் போட்டு எடுப்பார்களாம். ஒருவருக்கு விழுகிற முறைக்குப் பெயர்தான் பாடு. விட்டுவிட்டால் மறுபடி வர இருபது நாளுக்கு மேலாகும், பொங்கல் செலவு இந்தப் பாட்டில்தான் இருக்கிறது என்றாள். நம் ஊரில் பாடு என்றால் கஷ்டம். இங்கே அதற்குத்தான் காத்திருக்கிறார்கள்.

பனி விழுந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். காலையில் நான் கிளம்ப வேண்டும், மாலை ரயிலுக்கு அத்திப்பட்டு போய்ச் சேர வேண்டும், அந்தக் கவலை எனக்கு. அவள் தன் ஆளைப் பற்றிக் கேட்கிறேன் என்று எடுத்துக்கொண்டாள். சுவரோரம் கிடந்த எண்ணெய் டின்னை எடுத்து, ஒரு விறகுத் துண்டால் தட்டிக் காட்டினாள். ரெண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒரு தட்டு. திரும்ப ரெண்டு, ஒண்ணு. இது இந்தக் குப்பத்துத் தட்டு. பக்கத்து ஊர் தோணிரேவில் விடாமல் தட்டுவார்கள், வேறு ஊருக்கு வேறு. பனியில் கண் தெரியாது, ஏரிக்குள் இருக்கிறவர்கள் தட்டைக் கேட்டுக்கொண்டுதான் படகைத் திருப்புவார்கள். வருகிறோம் என்பதற்குக் கழியால் படகில் திருப்பித் தட்டுவார்கள், ஒண்ணு, ரெண்டு என்று.

கூப்பிட்டால் கேட்காதா என்றேன்.

“பனியில வாயத் தொறந்து கூப்புடக் கூடாதுண்ணா. நம்ம ஆளு கொரல்லயே கூப்புடும். எங்க மாமனாரு கூடப் போன ஒருத்தர அவரு பொண்டாட்டி கொரல்ல கூப்புட்டுச்சு. தகரம் மட்டும்தான் பொய் சொல்லாது.”

அன்றிரவு பாயில் படுத்துக்கொண்டு தொடையில் தட்டிப் பழகினேன். ரெண்டு, ஒண்ணு. எதற்கும் இருக்கட்டும் என்றுதான்.

காலையில் கதவைத் திறந்தால் வாசல்படிக்கு அப்பால் உலகம் இல்லை. வெள்ளையாகக்கூட இல்லை, அழுக்குத் துணி நிறம். தேசப்பனும் வேலுவும் இருட்டிலேயே போய்விட்டார்கள், அவர்களைத் தவிர இன்னும் இரண்டு படகு. கன்னியம்மா கால்வாய்த் துறையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து டின்னைத் தட்டிக்கொண்டிருந்தாள். வெயில் வரட்டும், அப்புறம் போ என்றாள். ரயிலை விட்டால் என்ன ஆகும் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நாளைக்குக் குடோன் திறக்கும், மேஸ்திரி இருப்பார், வேறு ஆள் போட்டுவிடுவார். கரை ஒன்றே ஒன்றுதானே, கண்ணை மூடிக்கொண்டே போகலாம் என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

கொஞ்ச தூரம் வரை அவள் தட்டு என் முதுகுக்குப் பின்னால் கேட்டது. பிறகு அது இடது பக்கம் கேட்டது. நான் திரும்பவே இல்லை. பிறகு முன்னால் கேட்டது. நின்றேன். எதுவும் கேட்கவில்லை. கடல் சத்தம்கூட நின்றுவிட்டது. என் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

கரை ஒடுங்கிக்கொண்டே வந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. பிரிகிற இடத்தில் நேரே போவதற்குப் பதிலாக ஏரிக்குள் வந்துவிட்டேன். திரும்பலாம் என்று பார்த்தால் வந்த வழியில் கால் வைத்த இடம் நழுவித் தண்ணீருக்குள் போயிற்று. எது கரை, எது தண்ணீர் என்று பிரிக்க முடியவில்லை. நான்கு காலில் ஊர்ந்து முன்னால் போனேன். கையில் கல் தட்டுப்பட்டது. லாக்குச் சுவர்.

அதன் மேல் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. டிபன் பாக்ஸ் மூடியைக் கழற்றி, ஒரு கல்லை எடுத்துத் தட்ட ஆரம்பித்தேன். ரெண்டு, ஒண்ணு. ரெண்டு, ஒண்ணு. எங்கள் ஊரில் சாப்பாட்டுத் தட்டைத் தட்டினால், திருடன் என்றாலும் தீ என்றாலும் நான்கு பேர் ஓடிவருவார்கள். அங்கே தட்டுவது ஆளைக் கூப்பிடுவதற்கு. இங்கே அது வேறு என்று முந்தின நாள் எனக்குச் சொன்னார்கள். கேட்டேன், மனப்பாடம் செய்தேன். மண்டைக்குள் மட்டும் போகவில்லை.

பதில் வந்தது. மரத்தில் மரம் மோதுகிற சத்தம். ஒண்ணு. கொஞ்சம் விட்டு, ரெண்டு.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. யாரோ கேட்டுவிட்டார்கள். பலமாகத் தட்டினேன். மறுபடி ஒண்ணு, ரெண்டு. இந்தத் தடவை கிட்டே. ஆனால் சத்தம் கரைப் பக்கத்திலிருந்து வரவில்லை. தண்ணீர்ப் பக்கத்திலிருந்து வந்தது. கல்லறை வாசலில் பார்த்ததெல்லாம் ஞாபகம் வந்து கை தானாக நிற்கப் பார்த்தது. நிறுத்தினால் அது என்னை விட்டுவிட்டுப் போய்விடுமோ என்று இன்னும் வேகமாகத் தட்டினேன். வருகிறதே என்றும் பயம், போய்விடுமே என்றும் பயம்.

பிறகு ஒரு பேச்சுக்குரல் பனிக்குள்ளிருந்து, பக்கத்து அறையில் பேசுகிறமாதிரி தெளிவாக வந்தது.

“இன்னாடா இது, கரை இன்னிக்கி இம்மாம் சீக்கிரம் வந்துருச்சு.”

அது தேசப்பன்.

கையிலிருந்த கல் விழுந்தது. மூடியைச் சுவர்மேல் வைத்தேன். எட்டிக் கீழே பார்த்தேன். சுவருக்கும் சுவருக்கும் நடுவில், தண்ணீருக்கு ஒரு சாண் கீழே, இரும்பு கறுப்பாகத் தெரிந்தது. மூன்று கூர். கரை என்று நம்பி வேகமாக வருகிற படகு அதில் ஏறினால் வயிறு கிழிந்துவிடும். கீழே அந்தச் சேறு. அது வாங்கினால் வாங்கினதுதான்.

“வராதீங்க,” என்று கத்தினேன். “இது கரை இல்லீங்க. லாக்கு. வராதீங்க.”

பேச்சு நின்றது. பிறகு வேலுவின் குரல், மிகவும் மெதுவாக.

“வாயத் தொறக்காத. கூப்புடுது.”

நான் செய்திருக்கவே கூடாததை அப்போது செய்தேன். தேசப்பா, வேலு என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கழி தண்ணீரில் விழுகிற சத்தம் அவசர அவசரமாகக் கேட்டது. பயந்தவன் எங்கே ஓடுவான்? கரைக்குத்தான். அவர்களுக்குக் கரை என்றால் தகரச் சத்தம் கேட்ட இடம். அவர்கள் என்னை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

நான் தைரியசாலி இல்லை. இறங்கினேன் என்றுகூடச் சொல்ல மாட்டேன், சரிந்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். தண்ணீர் மார்பு வரை வந்தது. இரும்பைக் கையால் தடவிக்கொண்டே அதற்கு முன்னால் போய் நின்றேன். கால் இறங்கிக்கொண்டே இருந்தது. பனிக்குள்ளிருந்து படகின் மூக்கு, சத்தமே இல்லாமல், என் முகத்துக்கு நேரே வந்தது. இரண்டு கையையும் அதன்மேல் வைத்துத் தள்ளினேன்.

தேசப்பன் முகத்தைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். ஒரு மனிதனை அப்படி யாரும் பார்த்து நான் கண்டதில்லை. கழியைத் தூக்கி என் தோளில் வைத்து, முழு பலத்தோடு குத்தித் தள்ளினார்.

அந்தத் தள்ளில்தான் படகு திரும்பியது. என்னை ஊன்றி, படகு ஒரு பக்கமாக விலகி, இரும்பை உரசாமல் பனிக்குள் போய்விட்டது. நான் தண்ணீருக்குள் போனேன். காது, மூக்கு எல்லாம் சேறு. அதன் பிறகு நான் பிடித்தது இரும்பைத்தான். அந்த மூன்று கூரில் ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் மேலே வந்தேன்.

சுவரில் ஏறிப் படுத்திருந்தபோது கன்னியம்மாவின் தட்டு தூரத்தில் கேட்டது. ரெண்டு, ஒண்ணு. அதைப் பிடித்துக்கொண்டு, ஊர்ந்தும் நடந்தும் துறைக்கு வந்து சேர்ந்தேன். சுவர்மேலிருந்த பையை மட்டும் எடுத்துக்கொண்டேன், மூடி அங்கேயே கிடந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

படகு ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. வேலு கரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். தேசப்பன் நின்றுகொண்டு, லாக்கில் மார்பளவு தண்ணீரில் ஒன்று நின்றது, வெள்ளையாக, படகைப் பிடித்துக்கொண்டது, குத்தித் தள்ளிவிட்டு வந்தோம் என்று நான்கைந்து பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். டச்சுத் துரைதான் என்றாள் ஒருத்தி.

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஈரத் துணியோடு, சேறு பூசிய முகத்தோடு நான் வந்து நின்றதைக் கன்னியம்மா பார்த்துவிட்டாள். தட்டுவதை நிறுத்தவில்லை. ஆனால் பார்வையை எடுக்கவும் இல்லை.

நான்தான் என்றேன். வழி தப்பினேன், பயந்து தட்டினேன், உங்கள் தட்டையே தட்டினேன், நீங்கள் கரை என்று நினைப்பீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை என்று முழுதும் சொன்னேன். சட்டையைக் கழற்றித் தோளைக் காட்டினேன். கழியின் முனை வட்டமாகக் கன்றிப்போயிருந்தது. எந்தத் திட்டானாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

தேசப்பன் கிட்டே வந்து அந்தக் காயத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“சரி. தண்ணில நின்னது நீதான். ரெண்டு கையும் படகு மேல வச்சினு இருந்த, நான் பாத்தேன்.” விரலை எடுத்தார். “அப்ப தகரம் தட்டினது யாரு?”

எனக்குப் புரியவில்லை.

“நாங்க திரும்பி வர்ற வரிக்கும் லாக்காண்ட தட்டிக்கினே இருந்துச்சுண்ணா,” என்றான் வேலு, தலையைத் தூக்காமலே. “உன்னத் தள்ளினப்பக்கூட நிக்கல.”

அது கன்னியம்மா தட்டியதாக இருக்கலாம் என்றேன். பனியில் சத்தம் பக்கம் மாறுகிறது, எனக்கே மாறியது என்றேன். தேசப்பன் தலையாட்டினார். நம்பித் தலையாட்டவில்லை என்பது தெரிந்தது. அந்த நேரத்தில் என் தலை தண்ணீருக்குள் இருந்தது. நான் என்ன சாட்சி சொல்ல முடியும்?

இன்னும் இரண்டு படகு வரவேண்டியிருந்தது. அந்த ஆட்களின் வீட்டுக்காரிகள் நான் சொன்னதையும் கேட்டார்கள், வேலு சொன்னதையும் கேட்டார்கள். ஒருத்தி வீட்டுக்குள் போய்ச் சோற்றுக் குண்டானை எடுத்து வந்தாள். இன்னொருத்தி தாம்பாளம். கொஞ்ச நேரத்தில் துறையில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து தட்டினார்கள், எல்லாரும் ஒரே தட்டு, ரெண்டு, ஒண்ணு. லாக்கில் யார் தட்டினாலும் அதை அமுக்குகிற அளவுக்குத் தட்டவேண்டும், அவ்வளவுதான் எல்லாருக்கும். எனக்கு வலது கையைத் தூக்க முடியவில்லை. டிபன் பாக்ஸின் அடித்தட்டை மடியில் வைத்து இடது கையால் நானும் தட்டினேன். என்னைப் போ என்று யாரும் சொல்லவில்லை.

ஒரு படகு வந்தது. ஆள்களை எண்ணினார்கள். வெகு நேரம் கழித்து, பனி மஞ்சளாகத் தொடங்கியபோது, கடைசிப் படகும் வந்தது. அதிலிருந்தவர்களைக் கைபிடித்து இறக்கினார்கள். வெயில் துறை மேல் விழுந்தது, தூரத்தில் லாக்குச் சுவர் இரண்டும் சின்னதாகத் தெரிந்தன. வரவேண்டியவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். ஆனாலும் ஒருத்தரும் நிறுத்தவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே தட்டிக்கொண்டிருந்தோம். முதலில் யார் நிறுத்துவது, நிறுத்தினால் என்ன கேட்கும் என்று தெரியாமல்.